பல நாள் சூரியன் தெரியாத கப்பல்



கூரையில் மழை விழுகிற சத்தத்தில் பின்னுக்கு இருக்கிறவர்களுக்கு என் குரல் எட்டாது. முன்னுக்கு வந்திருங்கோ. வாங்குகளில் நிறைய இடம் இருக்கிறது. பாதிப் பேர் இன்றைக்கு வரவில்லை. வராதவர்களைப் பற்றித்தான் பேசப்போகிறேன், குறை சொல்ல அல்ல.

போன கிழமை ஒரு தாய் அறைவீட்டுக்கு வந்தா. சொல்லலாம் என்று அவவே சொன்னபடியால்தான் இதைச் சொல்லுகிறேன். குடையை மடக்கிச் சுவரில் சாத்திவிட்டு, ஈரக் காலோடு உள்ளே வரத் தயங்கிக்கொண்டு வாசலிலேயே நின்றா. “சுவாமி, எனக்கு விசுவாசம் குறைஞ்சு போச்சு. செபமாலையைக் கையில எடுத்தா ரெண்டாம் மணியிலேயே மனம் நிண்டிடுது. அடுப்பு மூட்ட மனமில்லை. பிள்ளையள் வாய் திறந்தா எரிச்சல் வருது. பாவசங்கீர்த்தனம் செய்யவேணும்.” எப்போதிருந்து என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “மழை துவங்கினதில இருந்து” என்றா. தூவானம் அடிக்கிறது என்று யன்னலை மட்டையால் மறைத்து வைத்திருக்கிறாவாம். பகல் முழுக்க ஒரு குண்டு பல்ப்பின் வெளிச்சம்தான். பாவசங்கீர்த்தனம் பிறகு, முதலில் இந்தத் தேத்தண்ணியைக் குடியுங்கோ என்றேன்.

அவ போன பிறகு திருத்தூதர் பணிகள் 27ஆம் அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். புனித பவுலைக் கைதியாக உரோமைக்குக் கொண்டுபோகிற கப்பல் அது. கோதுமை ஏற்றிய கப்பல், 276 பேர். பேய்க்காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது தெரியுமோ? வடகிழக்கிலிருந்து. எங்களுக்கு மாரி வருகிற அதே திசை! பல நாளாகச் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. தப்புவோம் என்ற நம்பிக்கை எல்லாருக்கும் அற்றுப்போனது என்று லூக்கா எழுதுகிறார். “அவர்களுக்கு” என்று அவர் ஒதுங்கி நின்று எழுதவில்லை. தன்னையும் சேர்த்து “நாங்கள்” என்றுதான் எழுதுகிறார். லூக்கா நற்செய்தியாளர், ஒரு மருத்துவரும்கூட. அவருக்கே மனம் விட்டுப்போனது என்றால், முத்தையன்கட்டுக் குளத்து வான்கதவு திறக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு இரவெல்லாம் விழித்திருக்கிற உங்களை யார் விசுவாசம் இல்லாதவர்கள் என்று சொல்லுவது?

உடம்பையும் ஆண்டவர்தான் படைத்தார். கண்ணுக்குள் போகிற வெளிச்சத்தை வைத்துத்தான் மூளை விழிப்புக்கும் உறக்கத்துக்கும் நேரம் குறிக்கிறது. 1984இல் அமெரிக்காவில் நோர்மன் ரோசென்தால் என்ற மனநல மருத்துவரும் கூட இருந்தவர்களும் குளிர்காலத்தில் வந்து வெயில் காலத்தில் போகிற மனச்சோர்வைப் பற்றி எழுதினார்கள். கனடாவிலும் நோர்வேயிலும் இருக்கிற உங்கள் பிள்ளைகளைக் கேட்டால் அதைப் பற்றிச் சொல்லுவார்கள். எங்களுக்கு அவ்வளவு நீண்ட இரவுகள் இல்லை. எங்கள் ஒட்டுசுட்டானில் ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான் வித்தியாசம். ஆனால் யன்னலுக்கு மட்டை கட்டினால் நோர்வேயை நாங்களே வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுகிறோம். மழை இருட்டிய பகலிலும் முற்றத்து வெளிச்சம் அறைக்குள் இருக்கிறதைவிடப் பல மடங்கு கூட. காலையில் கதிரையை விறாந்தைக்கு இழுத்துப் போட்டு அரை மணித்தியாலம் இருங்கோ. செபமாலையை அங்கே இருந்து சொன்னால் மாதா கோபிக்கமாட்டா.

இது வெளிச்சத்தோடு முடிகிற கதை இல்லை என்பது எனக்கும் தெரியும். வன்னியில் மழைக்கு ஞாபகம் உண்டு. 2008 நவம்பரில் நிஷா புயல் அடித்தபோது தறப்பாளுக்குக் கீழே, முழங்கால் தண்ணீரில் பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நின்றவர்கள் இந்த வாங்குகளில் இருக்கிறீர்கள். 2022 டிசம்பரில் மாண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கான மாடுகள் விறைத்துச் செத்தன. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாடு முழுவதும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. நவம்பர் எங்களுக்கு மரித்தோரின் மாதம். டிசம்பர் முல்லைத்தீவுக் கரையைச் சுனாமியில் கடல் விழுங்கிய மாதம். தகரத்தில் முதல் துளி விழும்போது இதெல்லாம் சேர்ந்துதான் விழுகிறது. பக்கத்து வீட்டு அம்மா காரணம் இல்லாமல் அழுகிறா என்று சொல்லாதேயுங்கோ. காரணம் உங்களுக்கும் தெரியும்.

கப்பலுக்குத் திரும்பி வருவோம். ஒரு உயிரும் போகாது என்று வானதூதர் தன்னிடம் சொன்னதைப் பவுல் ஏற்கெனவே எல்லாருக்கும் அறிவித்திருந்தார். அப்படியிருந்தும் பதினான்காம் நாள்வரை ஒருவரும் சாப்பிடவில்லை! இந்த இடத்தில்தான் நான் நெடுநேரம் நின்றேன். வானதூதர் சொன்ன செய்தி காதில் விழுந்தது, வயிற்றுக்குள் இறங்கவில்லை. விடிகிற நேரம் பவுல் அப்பத்தை எடுத்து, எல்லாருக்கும் முன்னால் நன்றி சொல்லி, பிட்டு, தானே முதலில் சாப்பிடத் தொடங்குகிறார். அதைப் பார்த்த பிறகுதான் மற்றவர்களுக்கு மனம் தேறி, அவர்களும் சாப்பிட்டார்கள். கவலைப்படாதே, செபி என்று தூரத்தில் நின்று சொல்லுகிறவர்கள், நான் உட்பட, இதைக் கவனிக்கவேண்டும். கூட இருந்து சாப்பிட்டார் பவுல்.

கரையேறிய இடம் மால்தா. அங்கேயும் மழை, குளிர். கிறிஸ்துவின் பெயரையே கேட்டிராத அந்தத் தீவுச் சனங்கள் நெருப்பு மூட்டி எல்லாரையும் கூப்பிட்டார்கள். பவுல் சும்மா குளிர்காயவில்லை, தானும் சுள்ளி பொறுக்கினார். சுள்ளிக்குள்ளிருந்து பாம்பு வந்தது. மாரியில் விறகுக் குவியலுக்குள் கை விடுகிற எங்கள் ஆட்களுக்கு அதை நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

ஆண்களுக்கு ஒரு வார்த்தை. வயலில் இறங்க ஏலாது, யானைக் காவலுக்குப் போன இரவு உறக்கமும் இல்லை. குளிருக்கு ஒரு சொட்டு என்று தொடங்குகிறீர்கள். அந்தச் சொட்டு கொஞ்ச நேரம் சூடு தருகிற மாதிரி இருக்கும். விடியப்புறம் மனத்தை இன்னும் கீழே இறக்கிவிடும். உறக்கத்தையும் அது கெடுக்கும். மழை விட்ட பிறகும் இரண்டு கிழமைக்கு மேல் பாரம் இறங்கவில்லை என்றால், அல்லது உயிரோடு இருந்து என்ன என்ற எண்ணம் ஒரு தடவை வந்தாலும், ஆஸ்பத்திரியில் மனநல வைத்தியரிடம் போங்கோ. 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். தனியாகப் போக வெட்கம் என்றால் அறைவீட்டுக்கு வாருங்கோ, நான் கூட வருகிறேன்.

பூசை முடிய மண்டபத்துக்குப் பின்னால் அடுப்பு மூட்டியிருக்கிறது. அந்தத் தாய்தான் விடிய வந்து மல்லித்தண்ணி வைக்கிறா. இன்றைக்கு வராதவர்களின் வீட்டுக்கு ஆளுக்கொரு போத்தல் கொண்டுபோங்கோ. பக்கத்து வீட்டார் தான்தோன்றீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்களாக இருந்தால் அவர்களுக்கும் ஒன்று. போத்தலைக் கொடுத்துவிட்டு உடனே திரும்பாதேயுங்கோ; அவர்கள் குடித்து முடிக்குமட்டும் கூட இருங்கோ.