எதை நிறுக்கிறது இந்தத் தராசு?

ஒருவரைத் தேர்ந்தெடுக்கும்போதே வேறு பலரைத் தள்ளிவிடுகிறோம். வேலை தருவோர்க்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை உண்டு என்பதை யாரும் மறுப்பதற்கில்லை. ஆனால், தாம் எதை அளக்கிறோம் என்பதை அளப்பவர் அறிந்திருக்க வேண்டிய கடமையும் அவ்வுரிமையோடு சேர்ந்தே வருகிறது. மென்பொருள் பொறியாளர்களுக்கு நடத்தப்பெறும் நேர்முகத் தேர்வு இக்கடமையைப் பற்றி நம்மைச் சிந்திக்கத் தூண்டுகிறது.

அத்தேர்வு ஏறத்தாழ ஒரு மணி நேரம் நடைபெறும். கணக்கு ஒன்று தரப்படும். தேர்வாளர் பார்த்துக்கொண்டிருக்க, வேலை நாடி வந்தவர் வெண்பலகையில் நிரலை எழுத வேண்டும். எழுதும்போதே தம் சிந்தனையை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும். அன்றாடப் பணியிலோ அவர் தனியே அமர்ந்து, நூல்களைப் புரட்டி, எழுதியதை இயக்கிப் பார்த்துப் பிழை திருத்துபவர்.

'ஹோம்ப்ரூ' என்னும் மென்பொருளை உருவாக்கிய மேக்ஸ் ஹோவெல், கூகுள் நிறுவனம் தம்மை ஏற்கவில்லை என்று 2015-இல் வெளிப்படையாகக் கசந்துரைத்தார். அங்குள்ள பொறியாளர்கள் பெரும்பாலோர் தம் படைப்பைப் பயன்படுத்தியும், வெண்பலகையில் ஒரு கணக்குத் தெரியாததால் தாம் தள்ளப்பட்டதாக அவர் சொன்னார். பலர் அவருக்காகப் பரிந்து பேசினர். ஆயினும், தாம் அன்று சொன்னது நியாயமானதன்று என்று பின்னர் அவரே எழுதினார். தள்ளப்பட்ட ஒவ்வொருவரும் அநீதிக்கு ஆளானவர் என்று நாம் முடிவு கட்டிவிட முடியாது. ஒரு பணியில் சிறந்தவர் வேறொரு பணிக்குப் பொருந்தாமல் போகலாம்.

ஆனால், தராசே கோணலாக இருந்தால்? அமெரிக்காவின் நார்த் கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தாரும் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாரும் இணைந்து செய்த ஆய்வொன்று 2020-இல் வெளியாயிற்று. 48 மாணவர்களில் ஒரு பிரிவினர் தேர்வாளர் முன்னிலையில் விளக்கியவாறே எழுதினர்; மறு பிரிவினர் அதே கணக்கைத் தனியறையில் எழுதினர். பிறர் பார்க்க எழுதியோரின் செயல்திறன் பாதிக்கும் கீழே இறங்கிற்று. தனியறையில் எழுதிய பெண்கள் அனைவரும் வெற்றி பெற்றனர். தேர்வாளர் முன் எழுதிய பெண்களுள் ஒருவரும் வெற்றி பெறவில்லை. பங்கேற்றோர் சிலரே என்பதால் இதனை முடிந்த முடிபாகக் கொள்ளலாகாது. எனினும், அறிவை அளப்பதாக எண்ணி அச்சத்தை அளந்துவிடக்கூடும் என்னும் எச்சரிக்கை இதில் இருக்கிறது.

இன்னொரு சான்றும் நம் கருத்துக்குரியது. விமானத்தினுள் எத்தனை கோல்ஃப் பந்துகள் கொள்ளும் என்பது போன்ற புதிர்களால் யாதொரு பயனும் இல்லை என்று, கூகுளில் பணியாளர் துறைக்குத் தலைவராயிருந்த லாஸ்லோ பாக் 2013-இல் ஒப்புக்கொண்டார். கேள்வி கேட்பவர் தம்மை அறிவாளியாக எண்ணி மகிழவே அவை பயன்பட்டன என்பது அவர் கருத்து. தீர்ப்பிடும் இடத்தில் அமரும் எவரையும் இச்சோதனை பற்றிக்கொள்ளும். ஆசிரியராயினும், மேலதிகாரியாயினும், மருமகளைத் தேடும் பெற்றோராயினும் நாமும் இதற்கு விலக்கல்லர்.

நம் இல்லங்களிலும் இத்தேர்வை எழுதித் தோற்றுத் திரும்பும் பிள்ளைகள் உளர். காரணம் சொல்லாத ஒரு மறுப்புக் கடிதத்தைத் தம் வாழ்வின் மீதான தீர்ப்பாகவே அவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். அந்த ஒரு மணி நேரம் அவர்களுடைய பொறுமையையோ, உடன் உழைப்போரைத் தாங்கும் பண்பையோ, தவறு கண்டால் துணிந்து சொல்லும் நேர்மையையோ கண்டதில்லை. அவற்றை ஆண்டாண்டாகக் கண்டு வருபவர்கள் நாம். அந்நேரத்தில், "ஏன் கிடைக்கவில்லை?" என்று கேட்பதை விடுத்து, நாம் கண்டதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வோமா?