கழிவுநீரும் அறமும்

நீரைக் கேட்பதற்கு ஒருவனுக்கு உரிமை உண்டெனின், அதனைக் கழிவாக்கி விடுவதில் அவனுக்குக் கடமை இல்லையா? வன்னியின் இரணைமடுக் குளம் இவ்வினாவை எழுப்புகின்றது. 2010இல் ஆசிய அபிவிருத்தி வங்கியின் ஆதரவு பெற்ற திட்டமொன்று அக்குளத்து நீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுசெல்ல முனைந்தது. சிறுபோகத்துக்கே நீர் போதாதென அஞ்சிய கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தனர். அதனைத் தன்னலம் எனல் எளிது, நீதியாகாது. உழவனுக்கும் நீரே உயிர்.

குடாநாடும் நீரற்ற நிலமன்று. அதன் சுண்ணாம்புக்கல் மழைநீரைத் தேக்கி வைக்கின்றது. ஆனால் அக்கல்லின் வெடிப்புகளூடாக மலசலகூடக் குழிகளின் கசிவும் தோட்டத்து உரமும் கிணறுகளைச் சேர்கின்றன. பல கிணறுகளில் நைத்திரேற்று, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன எல்லையைக் கடந்துள்ளது.

2024 ஓகஸ்டில் தாளையடியில், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் குடிநீர் ஆக்கும் நிலையம் திறக்கப்பட்டது. எனினும் எங்கிருந்து வந்த நீரும் பயன்பட்டபின் அதே குழிகளுக்கே செல்லும். ஒரு பரப்புக் காணியில் கிணறும் குழியும் அருகருகே கொண்ட ஏழையைப் பழித்துப் பயனில்லை. தனியொருவனால் ஆற்றவியலாத கடமை ஊரின் கடமையாகின்றது. ஆகவே, அயலானிடம் நீர் கேட்கும் நகரம் தன் கழிவுநீரைச் சேர்த்துச் சுத்திகரிக்கும் பொறுப்பையும் ஏற்றல் வேண்டும். அதுவே அவ்வுரிமைக்கு ஈடான அறமாகும்.