பஸ் பாதையும் சமூக நீதியும்

ஒரு நகரத்தின் பஸ் பாதைகளை மாற்றியமைப்பது பொறியியலாளரின் பணி என்றே பெரும்பாலோர் கருதுகின்றனர். வண்டி எந்த வீதியாற் செல்ல வேண்டும், எங்கே தரிக்க வேண்டும், எத்தனை நிமிடத்துக்கு ஒன்று வர வேண்டும் என்பவை கணக்கினால் தீர்க்கத்தக்கவை எனத் தோன்றுகின்றன. ஆனால், ஒருவருக்குப் பத்து நிமிடத்தை மீதப்படுத்தும் மாற்றம் இன்னொருவரை அரை மணி நேரம் தெருவில் நிறுத்துமாயின், அது கணக்கோடு முடிகிற காரியமன்று. எவருடைய நன்மைக்காக எவரை வருத்தலாம் என்னும் அறவியல் வினா அங்கே எழுகின்றது. இவ்வினாவை, சிலி நாட்டின் தலைநகரான சந்தியாகோவில் நிகழ்ந்ததை வைத்து ஆராய்வோம்.

1973இல் ஆட்சியைக் கைப்பற்றிய இராணுவ அரசு, சந்தையே யாவற்றையும் சீராக்கும் என்ற நம்பிக்கையில் பஸ் தொழிலைக் கட்டுப்பாடுகளிலிருந்து விடுவித்தது. வண்டிகள் பெருகின, கட்டணமும் ஏறியது. 1990இல் மக்களாட்சி மீண்ட பின்னர் ஓரளவு ஒழுங்கு ஏற்பட்டது. ஆயினும் சாரதியின் வருவாய் அவர் ஏற்றும் பிரயாணிகளின் தொகையையே பெரிதும் சார்ந்திருந்தது. அதனால் மஞ்சள் நிற வண்டிகள் ஒன்றையொன்று முந்த வீதியிற் போட்டியிட்டன. குறைந்த கட்டணம் செலுத்தும் மாணவரைக் கண்டால் நிறுத்தாமற் செல்வதும் வழக்கமாயிற்று. எனவே, பழைய முறையை எண்ணி ஏங்குவதற்கு நியாயமில்லை. நகரின் ஒரு கோடியில் ஏறியவர் வண்டி மாறாமலே மறு கோடியில் இறங்கலாம் என்பதே அதன் நன்மை.

ஜனாதிபதி ரிக்கார்டோ லாகோசின் காலத்தில் வகுக்கப்பட்ட 'டிரான்சாந்தியாகோ' என்னும் புதிய திட்டம், மிச்செல் பச்செலெற்றின் ஆட்சியில், 2007 பெப்ரவரி 10ஆம் நாள் நகர் முழுவதிலும் ஒரே நாளில் நடைமுறைக்கு வந்தது. நெடும் பாதைகள் துண்டிக்கப்பட்டன. குடியிருப்புகளிலிருந்து மக்களைத் திரட்டிவரும் கிளைப் பாதைகளும், பிரதான பாதைகளும், மெட்ரோ புகையிரதமும் ஒரே கட்டண அட்டையால் இணைக்கப்பட்டன. ஏட்டளவில் அது அழகான திட்டமே. ஆனால் வண்டிகள் போதவில்லை. பஸ்களுக்கெனத் தனித் தடங்கள் வேண்டிய அளவுக்கு அமைக்கப்படவில்லை. வண்டிகளைக் கண்காணிக்கும் ஏற்பாடும் ஆயத்தமாகவில்லை. எத்தனை பேரை ஏற்றினாலும் கம்பனிகளின் வருமானத்தில் பெரும் பகுதி ஒப்பந்தத்தால் உறுதி செய்யப்பட்டிருந்தமையால், வண்டிகளை வீதிக்கு அனுப்ப அவற்றுக்கு அவசரமிருக்கவில்லை. இவற்றுக்கெல்லாம் அடியில், நிரந்தர அரச மானியமின்றிக் கட்டணத்தைக் கொண்டே செலவை ஈடுசெய்ய வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது.

கோடை விடுமுறை முடிந்து மார்ச்சில் பாடசாலைகளும் தொழில்களும் தொடங்கியதும் குறைகள் யாவும் ஒருங்கே வெடித்தன. தரிப்பிடங்களில் நீண்ட வரிசைகள். மெட்ரோவில் மூச்சு முட்டும் நெரிசல். புறநகர்களிலிருந்து நகரின் செல்வப் பகுதிகளுக்கு வேலைக்குச் செல்லும் ஏழை மக்களே இச்சுமையைத் தாங்கினர். சொந்தக் காரிற் செல்பவர் தம் துயிலைக் குறைக்க வேண்டியிருக்கவில்லை. அம்மாதத்திலேயே ஜனாதிபதி மக்களிடம், குறிப்பாக வறியவர்களிடம், பகிரங்கமாக மன்னிப்புக் கோரினார். போக்குவரத்து அமைச்சரையும் மாற்றினார்.

இது வெறும் நிர்வாகத் தவறுதானா? மொத்த நன்மை கூடினாற் போதும், அது யாருக்குக் கிடைக்கிறது என்பது பொருட்டன்று என்று எண்ணும் மனப்பான்மையும் இதில் இல்லையா? போக்குவரத்துப் பொருளியலில், மீதமாகும் நேரத்தைப் பிரயாணியின் ஊதியத்தோடு இணைத்து மதிப்பிடும் வழக்கம் ஒன்றுண்டு. அதன்படி, அதிகாரியின் ஒரு மணி நேரம் வீட்டுவேலை செய்யும் பெண்ணின் ஒரு மணி நேரத்திலும் பன்மடங்கு பெறுமதியானது. எல்லோருடைய நேரத்துக்கும் ஒரே பெறுமதி அளிக்கும் முறையும் உண்டு. அது இதனிலும் நேர்மையானது. ஆனால் அதுவும் போதாது. ஏனெனில் சராசரி என்பது பஸ்ஸில் ஏறுவதில்லை, மனிதரே ஏறுகின்றனர். ஐந்து நிமிட நடை இளைஞனுக்கு ஒரு பொருளன்று. மூட்டு நோயுள்ள முதியவளுக்கோ வீட்டிலேயே அடைபட்டிருக்க அதுவே காரணமாகலாம்.

அவ்வாறாயின், எவரேனும் பாதிக்கப்படும் எந்த மாற்றமும் கூடாதோ எனச் சிலர் வினவலாம். அதுவும் நீதியன்று. சாரதிகள் ஓட்டப்பந்தயம் ஓடிய பழைய வீதிகளிலும் ஏழைகளே வருந்தினர். மாற்றம் வேண்டும். ஆயின், அதனால் இழப்போர் யார் என்பதை முன்னரே கண்டறிந்து, பாதையை வரையும் மேசையில் அவர்களுக்கும் இடமளிக்க வேண்டும். புதிய வழி செம்மையாக இயங்கும்வரை பழைய வழியை அடைத்தலாகாது. சீர்திருத்தத்தின் செலவைப் பிரயாணியின் உறக்கத்திலிருந்தும் உடல் வலுவிலிருந்தும் அறவிடாது, பொதுப் பணத்திலிருந்து கொடுக்க வேண்டும். 2009இல் சிலி அரசு பொதுப் போக்குவரத்துக்கு மானியம் வழங்கச் சட்டம் இயற்றியது. முதல் நாளிலேயே ஏற்றிருக்க வேண்டிய பொறுப்பை, மக்கள் இரண்டாண்டுகள் வருந்திய பின்னரே அது சட்டமாக ஏற்றது.

ஒரு பாதைப் படம் நம் முன் விரிக்கப்படும்போது, அதிற் சேமிக்கப்படும் நிமிடங்களின் தொகையை மட்டும் கேட்டு நாம் அமைதியடையலாகாது. அந்த நிமிடங்கள் யாரிடமிருந்து எடுக்கப்பட்டன என்றும் கேட்க வேண்டும்.