கல் கரைதலும் சங்காரத் தொழிலும்



மலையை நிலைபேற்றுக்கு உவமையாகக் கூறுதல் நம்மனோர் வழக்கு. உவமைக்கு அது போதும், உண்மைக்குப் போதாது. உலகம் தோற்றம், நிலை, இறுதி என்னும் மூன்றும் உடையதென்பதைச் சிவஞானபோதம் முதற் சூத்திரத்திலேயே நாட்டுகின்றது. அதனை மாணாக்கர்க்குக் காட்டுதற்கு அவரைத் தூரதேயத்துக்குக் கொண்டுசெல்ல வேண்டுவதின்று. மாத்தளை மாவட்டத்து வஹகோட்டை போதும். அவ்வூர் அந்தோனியார் கோயிலாற் பெயர்பெற்றது. ஆயினும் அடியிற் கிடக்குங் கல் எச்சமயத்தார்க்கும் ஒன்றே.

அக்கல் யாது? இலங்கையின் நடுப்பகுதிப் பாறைகள், சுமார் 55 கோடி ஆண்டுகளின் முன், இலங்கையும் இந்தியாவும் ஆபிரிக்காவும் அந்தாட்டிக்காவும் கோண்டுவானா என்னும் ஒரே நிலமாய்ப் பொருந்திய காலத்து, வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. அம்மாற்றம் நிகழ்ந்தது 20 கிலோமீற்றருக்கும் மேற்பட்ட ஆழத்தில். இன்றோ அவற்றின்மேல் நாம் நடக்கின்றோம். அங்ஙனமாயின், மூடிக்கிடந்த அத்துணைப் பாறையும் எங்கே போயிற்று? இவ்வினாவை வகுப்பிற் கேட்டுச் சிறிதுநேரம் வாளாவிருத்தல் நன்று.

பெரும்பான்மையும் மழை கொண்டுபோயிற்று என்பதே விடை. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள கரியமிலவாயுவைக் கரைத்து மென்புளிப்பு எய்துகின்றது. பெல்ஸ்பார் என்னுங் கனிமம் அந்நீரால் நெகிழ்ந்து களிமண்ணாகும். குவாட்சு கரையாது மணலாய் எஞ்சும். மாத்தளையிற் சூளையிட்டுச் சுண்ணாம்பாக்கும் வெண்கல்லோ மெல்லக் கரைந்தே போம். மேற்பாரங் குறைதலின் அடிநிலம் சிறிது சிறிதாய் மேலெழும். எழுந்தது மீட்டுந் தேயும். தேய்ந்த மண்ணைத் தம்புள்ளை ஓயா வாரிச்செல்ல, ஒரு பங்கு கலாவாவியிற் படியும். ஒரு பங்கு கலா ஓயா வழியே மேற்குக் கடல் சேரும். சிகிரியாக் குன்று, சூழ இருந்த நிலந் தேய்ந்தபின் எஞ்சிய வன்பாறையேயாம்.

இதனால் விளங்குவது யாது? மலை இல்பொருளாயிற்றில்லை. வயலிற் சேறாயும் ஆற்றில் மணலாயும் கடலடியிற் படிவாயும் உள்ளது. உள்ளது முற்றும் இலதாதலின்று. காரியங் காரணத்தில் ஒடுங்குதலே சங்காரம் என்னும் நம் சித்தாந்தத்துக்கு இஃதொரு நல்ல எடுத்துக்காட்டு. எடுத்துக்காட்டு என்றே கூறினோம். கல் கரைவதுகொண்டு கடவுளை நிறுவிவிட்டோம் எனத் தருக்குதல் தகாது.

பிறிதொன்று கூறுதல் எமக்கு எளிதன்று. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, பதுளை மாவட்டத்துக் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலைச்சரிவு இறங்கித் தமிழ்த் தொழிலாளரின் லயங்களை மூடிற்று. பள்ளி சென்றிருந்த பிள்ளைகள் உயிர்தப்பினர். அவருட் சிலர் திரும்பியபோது தாயுந் தந்தையும் இலர். அந்நாளில் எம்முட் சிலர், "அவர் வினைப்பயன்" என்று சொல்லி அமைந்தோம். அது பெரும்பிழை. வினைக்கொள்கை தன் செயலைத் தான் ஆராய்தற்குரியது. பிறர் பிணத்தை அளத்தற்குரியதன்று. பெருமழை ஊறிப் பாரமுற்ற மண்ணும் கற்குவையுஞ் சரிவிற் பற்றிழந்தன. கீழே மக்கள் குடியிருந்தனர். அவ்விடம் அபாயமானதென்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கூறப்பட்டிருந்தது. இறைவன் தொழில்மேல் ஏற்றிவிட்டு நாம் தப்புதற்கு இங்கு இடமில்லை.

மாத்தளையும் மண்சரிவு அஞ்சத்தக்க மாவட்டங்களுள் ஒன்று. ஆதலின், நிலத்திற் புதுவெடிப்புத் தோன்றுதல், மரமுங் கம்பமுஞ் சாய்தல், சுவர் பிளத்தல், ஊற்றுத் திடீரெனப் புறப்படுதல் அல்லது கலங்குதல் ஆகிய குறிகளைப் பிள்ளைகள் அறிந்திருத்தல் வேண்டும். சமயபாட வேளையில் இதனைக் கூறலாமோ என ஓராசிரியர் எம்மை வினவினர். அவ்வேளையிலேயே கூறுக. ஐந்தொழில் கற்பித்த அன்றே, தத்தம் வீட்டின் பின்புறத்துச் சரிவைப் பார்த்துவந்து மறுநாட் சொல்லுமாறு பிள்ளைகளைப் பணித்தலுந் தகும்.