வாங்குவோர் தர்மம்

தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை மாலையில் மாம்பலம் ரயில் நிலையத்தில் இறங்கி, ரங்கநாதன் தெருவுக்குள் புகுந்து, உஸ்மான் சாலையை அடைய முயலும் ஒருவர், தம் கால்களால் நடந்து சென்றார் என்பதைவிட ஜனப்பிரவாகம் அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதே பொருந்தும். நகைகளையும் குழந்தைகளையும் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளும்படி போலீசாரின் ஒலிபெருக்கி இடைவிடாமல் எச்சரிக்க, "எது எடுத்தாலும் நூறு ரூபா" என்று நடைபாதை வியாபாரிகள் அதற்கும் மேலாகக் குரல் கொடுக்க, துணிக்கடை வாசல்களில் தள்ளுபடி விளம்பரங்கள் தொங்கும் அந்தக் காட்சியைச் சுட்டிக்காட்டி, லோபம் மனிதரை இப்படித்தான் ஆட்டிவைக்கும் என்றும், பண்டிகையின் தெய்விகம் கடைத்தெருவில் கரைந்துபோயிற்று என்றும் தீர்ப்புச் சொல்லும் பிரசங்கங்களை நாம் கேட்டிருக்கிறோம். அந்தத் தீர்ப்பை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. மலிவு தேடி நெரிசலில் புகுவது ஆன்மாவுக்கு இழுக்குத் தருமா என்ற கேள்வியை இன்னும் சற்றுப் பொறுமையோடு ஆராயவேண்டும்.

முதலில், இக்கூட்டம் ஏன் கடைசி வாரத்தில் திரளுகிறது என்று பார்ப்போம். 1965ஆம் ஆண்டின் போனஸ் சட்டம் தொழிலாளருக்கு விதித்த குறைந்தபட்ச அளவு ஆண்டு ஊதியத்தில் 8.33 சதவீதம், அதாவது பன்னிரண்டில் ஒரு பங்கு. அந்தத் தொகை நம் நாட்டில் தீபாவளியை ஒட்டிக் கைக்கு வருவது வழக்கமாகிவிட்டது. வசதியுள்ளவர்கள் ஐப்பசி பிறக்குமுன்பே ஆற அமர வாங்கி முடித்துவிடுகிறார்கள். போனஸை நம்பியிருப்பவர்களோ பணம் வந்த பிறகே வீட்டைவிட்டுக் கிளம்ப முடியும். ஆகவே நெரிசலில் மூச்சுத் திணறுவோரில் பெரும்பாலோர் நெரிசலை விரும்பி வந்தவர்கள் அல்லர்.

அவர்களுள் ஒரு தாயை அருகில் நின்று பார்த்தால், சட்டையை மகனுடைய முதுகில் விரித்து வைத்து, தோளுக்குத் தோள் சரியாக வருகிறதா என்று பார்க்கிறாள்; மகளுடைய பாவாடையைத் திருப்பி, அடுத்த ஆண்டு பிரித்து விடுவதற்கு அடியில் டக் பிடித்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்க்கிறாள்; கணவனுக்கு வேட்டி, மாமியாருக்கு நூல் புடவை என்று எல்லாம் கட்டைப்பையில் ஏறிய பிறகு, மிச்சமிருக்கும் பணத்தை எண்ணிவிட்டுத்தான் தனக்கென்று ஒரு புடவையைப் புரட்டத் தொடங்குகிறாள். அந்தத் துணிகள் பண்டிகையன்று விடியுமுன் மூலையில் மஞ்சள் தடவப்பெற்றுச் சுவாமி படத்தின்முன் வைக்கப்படும். எண்ணெய் ஸ்நானம் முடிந்தபின் பெரியவர்கள் கையால் எடுத்துக் கொடுக்க, நமஸ்கரித்து வாங்கிக்கொள்ளப்படும். இவ்வளவு சிரத்தையோடு தேடிச் சேர்க்கப்பெறும் பொருளை வெறும் போகம் என்று தள்ளிவிடுவது அநியாயம்.

இல்லறத்தாரின் இத்தகைய ஆசையை வேரோடு களையவேண்டும் என்று நம் மரபும் சொல்லவில்லை. திருவள்ளுவர் அவா அறுத்தலை 37ஆம் அதிகாரமாகத் துறவறவியலின் முடிவில் வைத்தார். பிறர் பொருளை விரும்பாமையாகிய வெஃகாமையை 18ஆம் அதிகாரமாக இல்லறவியலில் வைத்தார். பிள்ளைக்குப் புதுச்சட்டை வேண்டும் என்று ஏங்கும் குடும்பத்தலைவியைத் துறவியின் பிரமாணத்தால் அவர் அளக்கவில்லை. பிறருக்கு உரியது உன் கைக்கு வந்துவிடலாகாது என்பதையே அவளிடம் எதிர்பார்க்கிறார். காமம், குரோதம், லோபம் என்ற மூன்றையும் நரகத்தின் வாயில்களாகக் கூறும் கீதையின் 16ஆம் அத்தியாயமும், அசுர சுபாவத்தை விவரிக்கும்போது அநியாய வழியில் பொருள் குவிப்பதையே எடுத்துச் சொல்கிறது. வெஃகுதல் என்பதற்குப் பிறர் பொருளைக் கவரக் கருதுதல் என்றே உரையாசிரியர்கள் பொருள் கொள்வர். அதை விலைக்கும் நீட்டிப் பார்ப்பது என் துணிவு. அப்படி நீட்டினால், குறைந்த விலை என்று நாம் மகிழ்ந்து வாங்கும் பொருளில் வேறொருவருக்குச் சேரவேண்டிய பங்கு கலந்திருக்கிறதா என்பதே நம் முன் நிற்கும் கேள்வியாகிறது.

விற்பவனுக்குரிய தர்மத்தை நம்மவர் தெளிவாகவே வகுத்திருக்கிறார்கள். கொள்ளும்போது மிகுதியாகக் கொள்ளாமலும் கொடுக்கும்போது குறைவாகக் கொடுக்காமலும் வாணிகம் செய்த காவிரிப்பூம்பட்டினத்து வணிகரை, கடியலூர் உருத்திரங்கண்ணனார் பட்டினப்பாலையில் போற்றியிருக்கிறார். வாங்குபவனுக்கு உரிய தர்மம் அவ்வளவு விரிவாகப் பேசப்படவில்லை. அக்காலத்தில் அதற்கு அவசியமும் குறைவாக இருந்திருக்கலாம். இன்றைக்கு அவசியம் மிகுந்துவிட்டது.

நம்மவருக்காகத்தானே வாங்குகிறோம், நமக்காக இல்லையே என்ற சமாதானம் இங்கே போதாது. அமெரிக்காவில் நன்றியறிதல் திருநாளுக்கு மறுநாள், 2008 நவம்பர் 28ஆம் தேதி விடியற்காலையில், நியூயார்க் நகரை அடுத்த வேலி ஸ்ட்ரீம் என்ற ஊரிலுள்ள ஒரு பெரிய கடையின் வாசலில் சுமார் 2,000 பேர் காத்திருந்து, கதவை முறித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தபோது, பண்டிகைக்காலத்துத் தற்காலிகப் பணிக்கு வந்திருந்த ஊழியர் ஒருவர் மிதிபட்டு இறந்தார். கிறிஸ்துமஸ் பரிசுகள் வாங்கும் பருவம் அது. அங்கே ஓடியவர்களுள் பலர் தம் குழந்தைகளை நினைத்தே ஓடியிருப்பார்கள். தம்மவர்மீது கொண்ட அன்பு, காலடியில் கிடந்தவரைக் காண்பதற்கு உதவவில்லை. கோவிலில் சொர்க்கவாசல் திறக்கும்போதும் முண்டியடிக்கும் கூட்டம் உண்டு. பக்திக்கும் அந்தக் குருட்டுத்தனம் நேரக்கூடும் என்பதால், கடைக்கு வரும் கூட்டத்தை மட்டும் நான் பழிக்க வரவில்லை.

மலிவிலும் வகை உண்டு. ஆடியில் கல்யாணங்கள் நடப்பதில்லை. வியாபாரம் மந்தமாகும் அம்மாதத்தில், தேங்கிய சரக்கை வணிகர் விலை குறைத்துத் தள்ளுவது இருபுறமும் நியாயமானதே. 1935இல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் தீபாவளிப் பருவத்தில் வழங்கும் 30 சதவீதத் தள்ளுபடியும் அப்படித்தான். கைத்தறியை நாலு பேர் நாடி வாங்கவேண்டும் என்ற நோக்கம் அதற்குள் இருப்பதால், அங்கே வாங்குவதில் தயங்க ஒன்றுமில்லை. நம்மைத் தயங்கச் செய்யவேண்டிய மலிவு வேறு: ஊழியரின் உடம்பிலிருந்து பிடித்தம் செய்யப்படும் மலிவு.

புடவைப் பிரிவில் நிற்கும் பெண்ணை நினைத்துப் பாருங்கள். காலையில் கடை திறந்தது முதல் அவள் நின்றுகொண்டே இருக்கிறாள். நாம் கலைத்துப்போட்ட இருபது புடவைகளையும் மடித்து அடுக்குவதற்குள் அடுத்தவர் வந்து இன்னும் இருபதை இறக்கச் சொல்கிறார். வாடிக்கையாளர் போன பின்பும் அவளுக்கு உட்கார இடமில்லை. தெற்கு மாவட்டங்களிலிருந்து வந்து விடுதியில் தங்கி வேலை செய்யும் இவர்களுடைய வாழ்க்கையை 2010இல் வெளிவந்த வசந்தபாலனின் அங்காடித் தெரு திரைப்படம் கண்டோர் நெஞ்சு பதறக் காட்டியது. பிறகு 2018இல் கேரளமும், 2021இல் தமிழ்நாடும் தத்தம் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, பணி நேரத்தில் ஊழியர் உட்காருவதற்கு இருக்கை தரவேண்டும் என்று விதித்தன. ஒரு மனிதர் உட்காருவதற்குச் சட்டம் தேவைப்பட்டது என்பதை நினைக்குந்தோறும் எனக்கு மனம் வேதனைப்படுகிறது. அத்தனை ஆண்டுகளாக அவர்களுக்கு எதிரே ஸ்டூலில் அமர்ந்து புடவை தேர்ந்தெடுத்தவர்கள் நாம்தானே? சட்டத்தை நிறைவேற்ற அதிகாரிகள் இருக்கிறார்கள், ஆனால் "அந்தப் பெண்ணுக்கு நாற்காலி எங்கே ஐயா?" என்று பில் போடும் இடத்தில் ஒரு வாடிக்கையாளர் கேட்டால் அந்த வார்த்தைக்கு உள்ள பலம் தனி. வேண்டாத புடவையை மடித்துக் கொடுப்பதும், இரவு கடை மூடும் நேரத்தில் புதிதாகப் புரட்டத் தொடங்காமல் இருப்பதும்கூட வாங்குவோர் தர்மத்தைச் சேர்ந்தவையே என்று நான் கருதுகிறேன்.

நடைபாதை வியாபாரியின் விஷயமும் இதனோடு சேர்ந்ததே. தண்டலுக்குப் பணம் வாங்கிச் சரக்கெடுத்தவர் அவர்; தீபாவளிக்கு முதல்நாள் இரவு பத்து மணிக்குமேல், விடிந்தால் விலைபோகாது என்ற அச்சத்தில் அவராகவே விலையைக் குறைத்துக் கூவுகிறார். அந்த விலைக்கு வாங்குவது அவருக்கும் உபகாரம். அவருடைய அவசரத்தைத் தெரிந்துகொண்டு, அசலுக்கும் கீழே இன்னும் இருபது ரூபாய் இறங்கினால்தான் ஆயிற்று என்று பேரம் பேசி நிற்பது, எதிரிலுள்ள குளிர்சாதனக் கடையில் சீட்டிலிருந்த விலையை வாய்திறவாமல் கொடுத்துவிட்டு வந்தவருக்கு எவ்விதத்திலும் நியாயமாகாது. கடையைக் கட்டிய பிறகுதான் அந்த வியாபாரியும் தம் பிள்ளைகளுக்குத் துணி எடுக்கப் போகவேண்டும். அந்நேரத்துக்கு எந்தக் கடை திறந்திருக்கும் என்ற கவலை வேறு அவருக்கு இருக்கிறது.