எட்டாயிரத்தில் ஒன்று

1909, மான்செஸ்டர். இருட்டறையில் கண்களைப் பழக்கிக்கொண்டு, துத்தநாக சல்பைடு திரையில் மின்னி மறையும் ஒளிப்பொட்டுகளை நுண்ணோக்கி வழியே எண்ணிக்கொண்டிருந்தார் எர்னஸ்ட் மார்ஸ்டன். இருபது வயது இளைஞர், இன்னும் மாணவர். ஹான்ஸ் கைகரோடு சேர்ந்து அவர் செய்யும்படி ஆய்வகத் தலைவர் ரூதர்ஃபோர்டு கொடுத்த வேலை: உலோகத் தகட்டில் மோதும் ஆல்ஃபா துகள்களில் ஏதாவது பின்னால் திரும்பி வருகிறதா என்று பார்ப்பது.

திரும்பி வர நியாயமே இல்லை. ஜே. ஜே. தாம்சன் 1904-இல் சொன்ன மாதிரிப்படி, அணு முழுக்க நேர்மின்னூட்டம் பரவிக் கிடக்கிறது. அதற்குள் தர்பூசணி விதைகளாய் எலக்ட்ரான்கள். வேகமாகப் பாய்ந்து வரும் கனத்த துகளைத் திருப்பியடிக்கும் வலு அதில் எதற்கும் கிடையாது. (தாம்சனைக் கேலி செய்வது இன்று சுலபம். அன்று கையிலிருந்த சான்றுகளுக்கு அது கெட்டிக்கார யோசனைதான்.)

ஆனால் திரும்பின. பிளாட்டினத் தகட்டில் சுமார் 8,000 துகள்களுக்கு ஒன்று. கருவிக் கோளாறு என்று தள்ளிவிட்டுப் போகக்கூடிய எண்ணிக்கை. ரூதர்ஃபோர்டு தள்ளவில்லை, அவசரப்பட்டு விளக்கமும் சொல்லவில்லை. 1911-இல்தான் எழுதினார்: அணுவின் நடுவே மிகச் சிறிய இடத்தில் மின்னூட்டம் குவிந்திருக்கிறது. அது நேர்மின்னூட்டமா, எதிர்மின்னூட்டமா என்பதைக்கூட அந்தக் கட்டுரையில் அவர் முடிவாகச் சொல்லவில்லை. தெரிந்த அளவுக்கு மட்டும் பேசுகிற அந்தக் கூச்சம் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த மையத்தைச் சுற்றும் எலக்ட்ரான் ஏன் அதில் போய் விழுவதில்லை என்பதற்கு, 1913-இல் நீல்ஸ் போர் வரும்வரை ரூதர்ஃபோர்டின் மாதிரியிடம் பதில் இல்லை.