மது: மகனுக்கு ஒரு சட்டம், மகளுக்கு ஒரு சட்டமா?

 



சில மாதங்களுக்கு முன் இஷா முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். அவருடைய அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன். பெங்களூரில் வேலை பார்க்கும் அவருடைய மகள் அலுவலக விருந்துகளில் மது அருந்துகிறாள் என்று அவருக்குத் தெரிந்து விட்டது. "பொம்பளைப் பிள்ளை குடிக்கலாமா ஹஜ்ரத்? நான் எப்படி வெளியே தலை காட்டுவேன்?" என்று அழுதார். இரண்டு மாதமாக அந்தப் பிள்ளையோடு பேசவில்லையாம். பேச்சோடு பேச்சாக இன்னொன்றும் வந்தது. மூத்த மகனும் குடிக்கிறான், பல வருடமாக. அதைப் பற்றிக் கேட்டேன். "அவன் ஆம்பளை. ஒரு கல்யாணம் ஆனா திருந்திடுவான்" என்றார்.

இந்த இரண்டு பதில்களைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறேன். அவர் வீட்டில் மட்டும் இருக்கிற பதில்கள் அல்ல இவை.

அல்லாஹ் மதுவைத் தடுத்த சூரத்துல் மாயிதாவின் 90, 91-ஆம் வசனங்களை எடுத்துப் பாருங்கள். ஈமான் கொண்டவர்களை அழைத்துத்தான் அந்தக் கட்டளை வருகிறது. காரணமும் அங்கேயே சொல்லப்படுகிறது: மதுவைக் கொண்டு ஷைத்தான் உங்களுக்கிடையே பகையையும் வெறுப்பையும் உண்டாக்குகிறான், அல்லாஹ்வின் நினைவை விட்டும் தொழுகையை விட்டும் உங்களைத் தடுக்கிறான். இந்தக் காரணத்தில் ஆண், பெண் எங்கே வருகிறது? அதே சூராவில் திருட்டைப் பற்றிய வசனம் திருடியவனையும் திருடியவளையும் தனித்தனியே குறிப்பிட்டு, இருவருக்கும் ஒரே தண்டனையைச் சொல்கிறது. ஃபிக்ஹு நூல்களிலும் குடித்தவனுக்கு ஒன்று, குடித்தவளுக்கு வேறொன்று என்று கிடையாது. அந்த வேறுபாடு நம்முடைய ஊர்வழக்கு. அதை மார்க்கத்தின் மேல் ஏற்றி வைத்துவிட்டோம்.

2019-21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் குடிப்பவர்கள் 1.3 சதவீதம். ஆண்களில் 18.8 சதவீதம். கேட்டவரிடம் மறைத்த பெண்களும் இருக்கலாம், அதை ஒப்புக் கொள்வோம். இருந்தாலும் நூறில் ஒருத்திக்காக அழுகிறோம், நூறில் பத்தொன்பது பேரைப் பார்த்து, "வயசு, போகப் போகச் சரியாகிவிடும்" என்கிறோம்.

இந்த இடத்தில்தான் அந்த மகள் கேட்கிறாள்: "அண்ணன் குடித்தபோது யாரும் ஒன்றும் சொல்லவில்லையே, எனக்கு மட்டும் ஏன்?" சகோதரர்களே, அவள் கேட்கும் கேள்வி சரி. அதிலிருந்து அவள் எடுக்கும் முடிவுதான் தவறு. "நீ பெண், அதனால்" என்று நாம் பதில் சொன்னால், அந்தத் தவறான முடிவுக்கு நாமே வழி காட்டுகிறோம். ஹராம் என்று சொல்லியிருந்தால் அவள் அல்லாஹ்வை நினைத்திருப்பாள். மானம் போச்சு என்றோம், அதனால் ஊர்க்காரர்கள் இல்லாத ஊரில் அவளுக்குத் தடை எதுவும் தெரியவில்லை.

இதை உம்முல் முஃமினீன் ஆயிஷா (ரலி) அவர்கள் அன்றே புரிந்து சொன்னார்கள். புகாரியில் இருக்கிறது. முதலில் சொர்க்கம், நரகம் பற்றிய வசனங்களே இறங்கின. எடுத்த எடுப்பில் மது அருந்தாதீர்கள் என்று இறங்கியிருந்தால், மக்கள் அதை ஒருபோதும் விட மாட்டோம் என்றிருப்பார்கள். மனிதனின் குடிப்பழக்கத்தைப் பற்றி இவ்வளவு நுட்பமாகச் சொன்னவர் ஒரு பெண். போதை தரும் எல்லாப் பானமும் ஹராம் என்ற நபிமொழியை நமக்கு அறிவித்தவர்களிலும் அவர் ஒருவர்.

சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. சமத்துவம் என்று சொல்லித்தான் அந்தக் கோப்பை உங்களிடம் நீட்டப்படுகிறது. ஆனால் மது சமமாக நடத்துவதில்லை. பெண்ணின் உடலில் நீரின் அளவு குறைவு என்பதால், அதே அளவு குடித்தாலும் இரத்தத்தில் அதிகமாகச் சேர்கிறது. ஈரல் சீக்கிரம் கெடுகிறது. மார்பகப் புற்றுநோய்க்கும் கருவிலிருக்கும் குழந்தையின் மூளைப் பாதிப்புக்கும் மது காரணமாகிறது. பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. (ஆண்களின் ஈரல் இரும்பால் ஆனது என்று யாரும் எடுத்துக் கொள்ள வேண்டாம்.)

மதுவைப் பற்றி நம் நாட்டுப் பெண்களின் உண்மையான எண்ணத்தை அறிய வேண்டுமானால், நெல்லூர் மாவட்டத்தின் துபகுண்டாவைப் பாருங்கள். எழுத்தறிவு வகுப்புக்கு வந்த ஏழைப் பெண்கள் 1992-இல் சாராயக் கடைகளுக்கு எதிராகத் திரண்டார்கள். அடுத்த ஆண்டு ஆந்திர அரசு சாராயத்தைத் தடை செய்தது. வீட்டில் பகையும் வெறுப்பும் எப்படி இருக்கும் என்பதை அவர்கள் முதுகில் வாங்கித் தெரிந்து கொண்டவர்கள்.

அதனால்தான் "கல்யாணம் ஆனா திருந்திடுவான்" என்ற சொல் என்னைச் சுட்டது. அந்தத் தகப்பனாரிடம் கேட்டேன்: யார் வீட்டுப் பெண்ணை உங்கள் மகனுக்கு மருந்தாக வாங்கப் போகிறீர்கள்? அவளுடைய வாப்பாவிடம் இதைச் சொல்லிவிட்டா பெண் கேட்பீர்கள்? மறைத்தால் அது மோசடி அல்லவா? அவர் தலை குனிந்து கொண்டார்.

மகளை என்ன செய்வது என்றும் கேட்டார். நபி (ஸல்) அவர்கள் காலத்தில் குடித்ததற்காகத் திரும்பத் திரும்பக் கொண்டு வரப்பட்ட ஒருவர் இருந்தார். கூட்டத்தில் ஒருவர் அவரைச் சபித்தபோது, சபிக்க வேண்டாம், அவர் அல்லாஹ்வையும் அவனது தூதரையும் நேசிப்பவர் என்று தடுத்தார்கள். தண்டனையை விட்டுவிடவில்லை, ஆளையும் விட்டுவிடவில்லை. அந்த ஹதீஸை மகன்களுக்கு மட்டும் வைத்துக் கொள்ளாதீர்கள் என்றேன்.

அவர் பெங்களூருக்குப் போய் மகளோடு இரண்டு நாள் தங்கினார். அண்ணனைப் பற்றி அவள் கேட்டாளாம். இவரிடம் பதில் இல்லை. திரும்பி வந்து மகனை மருத்துவரிடம் அழைத்துப் போனார். பெண் பார்க்கும் பேச்சை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மகள் இப்போது போனை எடுக்கிறாள், மற்றதெல்லாம் மெதுவாகத்தான் நடக்கும் என்றார். போன வாரம் வந்து, இரண்டு பிள்ளைகளுக்காகவும் துஆச் செய்யச் சொன்னார். செய்யுங்கள்.